சான் ஹோசேயில் மலிவான பார் தேடிய மூன்று வருஷம்

மத்திய அமெரிக்கா என்றதும், பையில் பத்து டாலர் இருந்தால் ராஜா மாதிரி இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் 2022 ஏப்ரலில் கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேவில் வந்து இறங்கினேன். இரண்டு வருஷ வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது மூன்றைத் தாண்டிவிட்டது. வந்த முதல் வெள்ளிக்கிழமையே அந்த நினைப்பு போய்விட்டது. அலுவலகத்துப் பையன்கள் பாரியோ எஸ்கலான்டேவுக்கு அழைத்துப் போனார்கள். பழைய பங்களாக்களை இடித்தும் இடிக்காமலும் பாராக மாற்றி, மரமெல்லாம் சீரியல் பல்பு சுற்றிய பகுதி. ஒரு கிராஃப்ட் பீர் 3,500 கொலோன் (கொலோன்தான் இந்த நாட்டுக் காசு), நடுவில் பகிர்ந்துகொள்ள ஒரு தட்டு உருளைக்கிழங்கு 4,000. நான் என் பங்குக்கு இரண்டு பீர் குடித்து, அந்தத் தட்டுக்கும் நானே கொடுக்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். மனக்கணக்கில் 11,000. பில்லில் 13,530.

அந்த 2,530 எங்கிருந்து வந்தது என்று அன்று புரியவில்லை. இந்த ஊரில் 13 சதவீதம் வரி, 10 சதவீதம் சர்வீஸ். இரண்டும் சேர்ந்து 23. சட்டப்படி மெனுவில் இரண்டையும் சேர்த்த விலையைத்தான் போட வேண்டும். அந்தக் கடையில் போடவில்லை, அல்லது என் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, வரி சேர்த்த விலையா என்பதுதான். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். சர்வீஸ் பில்லிலேயே வந்துவிடுவதால் தனியாக டிப்ஸ் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. நான் முதல் மூன்று மாதம் இரண்டையும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல மலிவான பார் எப்படிக் கிடைத்தது என்றால், கூகுள் மேப்பை மூடிய பிறகுதான் கிடைத்தது. மேப்பில் நட்சத்திரம் வாங்குகிற கடைகளெல்லாம் ஆங்கில மெனு போட்ட கடைகள். எனக்கு வேண்டியது கான்டினா. கான்டினா என்றால் நம்மூர் கேன்டீன் இல்லை, தெருமுனை சாராயக்கடைதான். ஆனால் மரியாதையான சாராயக்கடை. திபாஸில் இருந்து வரும் அலுவலக நண்பர் ஒருவர்தான் அடையாளம் சொல்லிக்கொடுத்தார். கடைப் பலகையில் கடைப் பெயரைவிட இம்பீரியல் பீரின் கழுகு பெரிதாக இருக்க வேண்டும். நாற்காலி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். சுவரில் சாக்பீஸாலோ ஸ்கெட்ச் பேனாவாலோ போக்கா பட்டியல் எழுதியிருக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அறுபது வயதுக்காரர் இரண்டு பேராவது தனித்தனி மேஜையில் ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் தைரியமாக உள்ளே போ என்றார். கடைசி அடையாளம் இதுவரை பொய்த்ததே இல்லை.

போக்கா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு என்பது இங்கே பீரில் இல்லை, போக்காவில்தான் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் போக்கா என்றால் வாய். பாரில் அது சின்னத் தட்டு சாப்பாடு, நம்ம ஊர் டச்சிங்ஸ்தான். ஒரு காலத்தில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு போக்கா இலவசமாக வருமாம். பெரியவர்கள் அந்தக் காலத்தை, நம்ம வீட்டில் பவுன் விலை பேசுகிற குரலில் சொல்கிறார்கள். இப்போது பெரும்பாலான இடங்களில் காசுதான், இல்லையென்றால் பீரும் போக்காவும் சேர்த்து ஒரு விலை. ஆனால் அளவு டச்சிங்ஸ் அளவு இல்லை. நான் வழக்கமாகப் போகும் கடையில் 1,500 கொலோனுக்கு வருகிற சிஃப்ரீஹோ இப்படி இருக்கும்: கிண்ணத்தின் அடியில் சோறு, அதன்மேல் வேகவைத்த பீன்ஸ், அதன்மேல் மொறுமொறுவென்று பொரித்த பன்றிக்கறி, மேலே பொடியாக நறுக்கிய தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை பிழிந்தது. ஓரத்தில் சோளச் சிப்ஸ் குத்தி நிற்கும். சிச்சரோன் என்ற பொரித்த கறியின் பெயரில் பாதியையும், ஃப்ரிஹோல் என்ற பீன்ஸையும் ஒட்டவைத்த பெயர் இது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது. நான் கணக்குப் போடும்போது பீர் செலவில் இருந்து சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிடுவேன். மனைவி இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை.

மேஜையில் ஒரு பாட்டில் இருக்கும், கவனியுங்கள். சிலேரா. வெங்காயம், காரட், காலிஃபிளவர், மிளகாய் எல்லாவற்றையும் வினிகரில் ஊறப்போட்டது. கோஸ்டா ரிகா சாப்பாட்டில் காரம் கிடையாது. காரம் வேண்டுமென்றால் அந்தப் பாட்டில்தான் ஒரே கதி. நல்ல கான்டினாவில் அது வீட்டில் போட்டதாக இருக்கும், மூடி துருப்பிடித்திருக்கும், உள்ளே நீளமான ஸ்பூன் நிற்கும். கடையில் வாங்கிய சாஸ் பாக்கெட் மட்டும் இருக்கிற பாரை நான் இரண்டாம் முறை மிதித்ததில்லை.

சைவக்காரர்களுக்குக் கஷ்டம்தான். பீன்ஸில்கூடப் பன்றிக் கொழுப்பு போட்டிருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். என்னோடு வந்த சைவ நண்பர் பச்சை வாழைக்காயை நசுக்கிப் பொரித்த பத்தகோனெஸையும் மரவள்ளிக் கிழங்கு வறுவலையும் வைத்தே ஒரு வருஷத்தை ஓட்டினார். பொரித்தது எந்த எண்ணெயில் என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை.

பீர் என்றால் பெரும்பாலும் இம்பீரியல், இல்லையென்றால் பில்சன். இரண்டும் ஒரே கம்பெனிச் சரக்கு. பில்சன் கொஞ்சம் கசப்பு கூட. எனக்கு அதுதான் பிடிக்கும். கேட்கிற விதத்தில் ஒரு அழகு உண்டு. கொடுங்கள் என்று சொல்லமாட்டார்கள். 'மே ரெகாலா உனா பில்சன்' என்பார்கள், எனக்கு ஒரு பில்சன் பரிசாகத் தருவீர்களா என்று அர்த்தம். முதல் நாள் இதைக் கேட்டு, பக்கத்து மேஜைக்காரர் ஓசிக்கு அடி போடுகிறார் என்றே நினைத்தேன். பரிமாறும் பெண் பாட்டிலோடு ஒரு கிளாஸில் ஐஸ் கட்டி நிறையக் கொண்டுவந்து வைப்பார். ஆமாம், பீரில் ஐஸ். இங்கே பாதிப்பேர் அப்படித்தான் குடிக்கிறார்கள். முதலில் சிரித்தேன். மார்ச் மாத மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது நானும் ஊற்றிக்கொண்டேன். அப்புறம் இன்னொரு விஷயம், பரிமாறுகிறவரை மோசா என்றோ காமரேரா என்றோ பாடப்புத்தக ஸ்பானிஷில் கூப்பிடாதீர்கள். இங்கே சலோனேரா.

கான்டினா கிடைக்காத ஏரியாவில் சீனர் கடை இருக்கும். இந்த நாட்டில் 19ஆம் நூற்றாண்டிலேயே ரயில் பாதை போடச் சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் பல அலைகளாக வந்திருக்கிறார்கள். இன்று எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒரு சீனக் குடும்பத்துப் பார் ரெஸ்டாரன்ட் உண்டு. வெள்ளை ட்யூப் லைட், டைல்ஸ் தரை, கல்லாவில் போன் பார்க்கும் அண்ணன், மலை மாதிரி ஃப்ரைட் ரைஸ். அழகு கிடையாது, ஆனால் பீர் விலை எப்போதும் கீழ்வரிசையில்தான் இருக்கும். மாதக் கடைசியில் என் புகலிடம் அதுதான். சோயா சாஸில் புரட்டிய சோற்றைப் பார்த்தால் வீட்டு நினைப்பு வரும், ஏன் என்று தெரியவில்லை.

ஏரியா வாரியாகச் சொன்னால், சான் பெத்ரோவில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கம் காயே தெ லா அமர்குரா என்று ஒரு தெரு. பெயருக்குக் கசப்புத் தெரு என்று அர்த்தம். மாணவர்கள் கூட்டம், விலை குறைவு, சத்தம் அதிகம். முப்பது வயது தாண்டியவர்கள் அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். லா கலிஃபோர்னியா பகுதி இரவு பத்துக்கு மேல் களைகட்டும், விலை நடுத்தரம். மொராசான் பூங்காவைச் சுற்றி இருப்பவற்றில் பல வெளிநாட்டு ஆண்களுக்கான பார்கள், பக்கத்தில் போக வேண்டாம். கோகா கோலா பஸ் நிலையத்தைச் சுற்றி விலை எல்லாவற்றையும்விடக் குறைவு, ஆனால் இருட்டிய பிறகு திரும்பி வரும்போது உங்கள் போன் உங்களிடம் இருக்காது. எனக்குப் பிடித்தவை திபாஸ், குவாதலூப்பே, சப்போத்தே மாதிரி மையத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளிய பேட்டைகள். சப்ரிஸ்ஸா கால்பந்து அணியின் மைதானம் திபாஸில்தான் இருக்கிறது. சப்ரிஸ்ஸாவும் அலஹுவேலாவும் மோதும் நாளில் அங்கே இடம் கிடைக்காது. கிடைத்தாலும் சிவப்பும் கறுப்பும் கலந்த சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், அது எதிரணி நிறம்.

மூன்று வருஷத்தில் விலை எப்படி மாறியது என்று கேட்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. என் கடையின் விலைப் பட்டியலில் 2022இல் பில்சன் 1,200 கொலோன். இப்போது 1,400. இருநூறுதானே என்று தோன்றும். ஆனால் 2022 நடுவில் டாலருக்கு 690 கொலோனுக்கு மேல் கிடைத்தது. 2024இல் அது ஐநூற்றுச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. டாலரில் சம்பளம் வாங்கும் எனக்கு அதே பாட்டில் ஒன்றே முக்கால் டாலரில் இருந்து இரண்டே முக்காலுக்கு ஏறிவிட்டது. இதை சலோனேராவிடம் முறையிட்டேன். நாங்கள் கொலோனில்தான் வாடகை கட்டுகிறோம், எங்களுக்கு டாலர் தெரியாது என்று சொல்லிவிட்டு ஐஸ் வைத்துவிட்டுப் போனார். அவர் சொல்வது சரி. பழைய பயணக் குறிப்புகளில் டாலரில் விலை பார்த்து வருகிறவர்கள் இதனால்தான் ஏமாந்துபோகிறார்கள்.

பீரைவிட மலிவு குவாரோ. கரும்பில் இருந்து வடிக்கும் சாராயம். வாசனை கிடையாது, குணமும் பெரிதாகக் கிடையாது. கசீக்கே என்ற பிராண்டை அரசு ஆலையே தயாரிக்கிறது. அதிபர் ஹுவான் ரஃபேல் மோரா 1850களில் தொடங்கிய ஆலை. நகர மையத்தில் இருந்த அதன் பழைய கட்டடத்தில் இப்போது கலாசார அமைச்சகம் இருக்கிறது. நம்ம ஊரில் கடை அரசுடையது, ஆலை தனியாருடையது. இங்கே தலைகீழ். எலுமிச்சை, தக்காளிச் சாறு, மிளகாய் சாஸ் கலந்து சின்ன கிளாஸில் வரும் சிலிகுவாரோ ஒன்று குடித்துப் பாருங்கள், ரசத்தில் யாரோ சரக்கை ஊற்றிவிட்ட மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தது.

ஆனால் குவாரோ விஷயத்தில் ஒன்றில் மட்டும் நான் கறார். 2019இல் மெத்தனால் கலந்த போலிச் சரக்கு குடித்து இந்த நாட்டில் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கள்ளக்குறிச்சியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு மெத்தனால் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் கேள்விப்படாத லேபிளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடமாட்டேன், பாட்டிலை என் கண்ணெதிரே திறக்கச் சொல்வேன். ஒரு கடையில் இதைக் கேட்டதற்கு முகம் சுளித்தார்கள். பீருக்கு மட்டும் காசு வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நேரம் முக்கியம். கான்டினா வகை உரிமம் உள்ள கடைகள் காலை பதினொன்றில் திறந்து நள்ளிரவோடு மூட வேண்டும். நானே இரவு ஒன்பதரைக்குக் கடையைவிட்டு எழுந்துவிடுவேன், காரணம் பஸ். தவறவிட்டால் ஊபரோ சிவப்பு டாக்சியோதான், டாக்சி என்றால் 'மரியா' போடச் சொல்லுங்கள். மீட்டருக்கு இங்கே அதுதான் பெயர். மிச்சம் பிடித்த பீர் காசு முழுக்க ஒரே சவாரியில் போய்விடும்.

பெண்களுக்கு எப்படி என்று என் மனைவியையே கேட்டேன். பழைய கான்டினாக்களில் யாரும் தொந்தரவு செய்ததில்லை, ஆனால் உள்ளே நுழைந்ததும் பத்துத் தலை திரும்பும், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்காது என்றார். அவருடைய ஓட்டு சீனர் கடைக்கு.

என் கடையின் பெயரைக் கேட்காதீர்கள், பலகையில் கழுகு மட்டும்தான் இருக்கிறது. விலாசம் வேண்டுமானால் தருகிறேன். இந்த ஊரில் தெருவுக்கு எண் உண்டு, யாரும் சொல்லமாட்டார்கள். எல்லாம் அடையாளம்தான், அதுவும் இல்லாமல் போன அடையாளம். சான் பெத்ரோவில் எப்போதோ காணாமல் போன ஒரு அத்திமரத்தை வைத்து இன்றும் வழி சொல்கிறார்கள். என் கடைக்கு சலோனேரா எழுதிக் கொடுத்தது இது: பழைய செருப்புக்கடையில் இருந்து தெற்கே 200 மீட்டர், மேற்கே 50, பச்சைக் கதவு. 100 மீட்டர் என்றால் ஒரு பிளாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்புக்கடை நான் வருவதற்கு முன்பே மூடிவிட்டது. கதவுக்குப் போன டிசம்பரில் நீலம் அடித்துவிட்டார்கள்.