சென்னையில் மாசு பற்றிப் புகார் கொடுப்பது: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் புகார் கொடுக்க வழிகளுக்குப் பஞ்சமில்லை. மாநகராட்சிக்கு 1913, குடிநீர் வாரியத்துக்கு 1916, முதல்வரின் உதவி மையத்துக்கு 1100, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இணையவழிப் புகார் தளம், காற்றின் தரத்தைக் காட்டும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி, திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருப்பதால், இவை எல்லாவற்றையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எந்தக் கதவைத் தட்டினோம் என்பதைவிட, மனுவில் என்ன கேட்டோம் என்பதில்தான் பலன் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குப்பை எரிப்பு பற்றிய புகாருக்குத்தான் பெரும்பாலும் விரைவில் ஆள் வருகிறார்கள். புகையைப் படமெடுக்கலாம், இடத்தைக் காட்டலாம், சாம்பல் மறுநாளும் அங்கேயே கிடக்கும். திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே தடை செய்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில், எரிப்பவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உத்தரவிட்டது. இந்த இரண்டையும் ஒரே வரியில் குறிப்பிட்டு, வார்டு எண்ணையும் சேர்த்து எழுதினால் போதும்.

கழிவுநீர் அப்படியல்ல. எங்கள் தெரு மழைநீர் வடிகாலில் கோடையிலும் கருப்பாகத் தண்ணீர் ஓடியது. வடிகால் மாநகராட்சியுடையது. அதில் ஓடும் கழிவுநீருக்குப் பொறுப்பு குடிநீர் வாரியம். அது போய்ச் சேரும் ஏரி நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஆலைக் கழிவு கலந்திருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வர வேண்டும். நான் போட்ட ஒரு புகார் இந்த வட்டத்தில் சுற்றிவிட்டு, "எங்கள் துறைக்கு உட்பட்டதல்ல" என்ற ஒற்றை வரியுடன் முடித்துவைக்கப்பட்டது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே மனுவை எல்லா அலுவலகங்களுக்கும் நகலிட்டு, ஒவ்வொருவரிடமும் அவரவருக்கு உரிய வேலையை மட்டும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கினேன். மாநகராட்சியிடம் வடிகாலைத் திறந்து, சட்டவிரோத இணைப்பு எது என்று பார்க்கச் சொன்னேன். குடிநீர் வாரியத்திடம் அடைத்துக்கொண்ட மேன்ஹோலைச் சரிசெய்யச் சொன்னேன். வேலை நடந்தது.

எங்களை உண்மையில் வாட்டியது நெடி. தெருவுக்குப் பின்னால் ஒரு மின்முலாம் பட்டறை. இரவு பதினொரு மணிக்கு மேல் தொண்டையைக் கீறும் அமில நெடி வரும்; விடியும்வரை இருக்கும். எதிர் வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை ஒன்று இருக்கிறது. அதன் அம்மா ஜன்னல்களை ஈரத்துணியால் அடைத்துவிட்டு விடிய விடிய விழித்திருப்பார்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுத்தோம். ஆய்வுக்கு அலுவலர் வந்தார், முற்பகலில். "நான் வந்தபோது வாடை எதுவும் இல்லையே, அம்மா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேலெழாமல் தேங்கும்போது புகையும் ஆவியும் வீட்டு உயரத்திலேயே நின்றுவிடுகின்றன. வெயில் ஏறியதும் காற்று கலைந்து மேலே போகிறது. பிற்பகலில் கடற்காற்று வந்தால் மிச்சமும் போய்விடும். திசையும் ஒரு காரணம். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று அடிக்கும்போது எங்கள் வீடுகளுக்கு வருகிற நெடி, வடகிழக்குப் பருவத்தில் வேறு தெருவுக்குப் போய்விடுகிறது.

சமீர் செயலியைக் காட்டி, "காற்றின் தரம் திருப்தி என்றுதானே இருக்கிறது" என்பவர்களும் உண்டு. அந்தக் குறியீடு நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, அம்மோனியா உள்ளிட்ட எட்டு மாசுகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அமில ஆவி அந்த எட்டில் இல்லை. அளவிடும் நிலையமோ எங்கள் தெருவிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. நகரத்தின் பொதுநிலையை அறிய அது நல்ல கருவிதான். பக்கத்துச் சுவரிலிருந்து வரும் நெடிக்கு அதில் பதில் கிடைக்காது.

எங்களுக்கு வழி திறந்தது தகவல் உரிமைச் சட்டத்தால்தான். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்தப் பட்டறை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய அனுமதியான இசைவாணையின் நகலைக் கேட்டேன். சட்டப்படி முப்பது நாட்களில் பதில் தர வேண்டும். தாமதமானதால் முதல் மேல்முறையீடு செய்த பிறகு வந்தது. ஒவ்வொரு வரியையும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்தேன். அமிலத் தொட்டிகளின் ஆவியை உறிஞ்சி, நீரால் கழுவி, குறிப்பிட்ட உயரமுள்ள புகைபோக்கி வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. ஆவியை உறிஞ்சிக் கழுவும் கருவிக்குத் தனி மின்மானி பொருத்தி, அளவைப் பதிவேட்டில் எழுதிவர வேண்டும் என்றும் இருந்தது. இத்தகைய ஆணைகளில் வழக்கமாக வரும் நிபந்தனை இது. அதைப் படித்த நிமிடம் எனக்கு வெளிச்சமாகிவிட்டது. நெடி பகலில் மறைந்துவிடும்; மின்மானியின் எண் மறையாது. இரவெல்லாம் கருவியை அணைத்து வைத்திருந்தால் எண் ஏறியிருக்காது.

அடுத்த மனுவில் "துர்நாற்றம் தாங்க முடியவில்லை" என்று எழுதவில்லை. ஆணையின் நிபந்தனை எண், நாங்கள் நெடியை உணர்ந்த தேதிகள், நேரங்கள், காற்று வீசிய திசை ஆகியவற்றை எழுதி, தனி மின்மானியின் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டோம். தேதிகளைக் குறித்துவைத்தது எதிர் வீட்டு அம்மாதான். தூக்கமில்லாத இரவுகளில் பள்ளி நோட்டில் எழுதிவைத்திருந்தார். இந்த முறை ஆய்வு முழுமையாக நடந்தது. பட்டறைக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை போனது, கருவி சீரமைக்கப்பட்டது. காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 31-ஏ பிரிவின்படி ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை உரிமையாளரும் அறிந்தே இருப்பார்.

இதுவும் பலிக்காவிட்டால், சேப்பாக்கம் கலச மகாலில் இயங்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. கொரட்டூர் ஏரிக்காக அப்பகுதி மக்கள் அங்கே வழக்காடியிருக்கிறார்கள். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது சட்டம். அதனால் பதிலுக்காகக் காத்திருக்கும்போதும் தேதியை மனதில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மனுவில் இருக்கும் பெயர் எதிர்த்தரப்புக்குப் போகாது என்று நம்பிவிட வேண்டாம். எங்கள் விஷயத்தில் போயிற்று. பட்டறையிலிருந்து ஒருவர் எதிர் வீட்டு வாசலில் வந்து நின்று, "எதற்கம்மா வம்பு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலையே தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம். இப்போது எல்லா மனுக்களும் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில்தான் போகின்றன. இந்த ஆடியில் இரண்டு இரவுகள் மறுபடி நெடி வந்தது. இரண்டு தேதிகளும் நோட்டில் இருக்கின்றன, மனுவும் போய்விட்டது.