புதுச்சேரிக் குடிநீருக்கு எந்தச் சட்டப் பூட்டு?

புதுச்சேரி நகரில் குழாய்த் தண்ணீர் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. பக்கத்துக் கடலூரில் அது மாநகராட்சியின் பொறுப்பு. இரண்டும் இன்று அரசின் கையில்தான் உள்ளன. ஆயினும், புதுச்சேரியில் மின் விநியோகத்தைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்து 2022-இல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஊரின் பல பகுதிகள் இருளில் கிடந்ததைக் கண்டவர்களுக்கு ‘இன்று’ என்ற சொல் போதாது.

குடிநீர் தனியாருக்குப் போகாமல் தடுக்கச் சட்டத்தில் ஒரு பூட்டு வேண்டும். மிக உறுதியான பூட்டு அரசியலமைப்பில் போடுவது. உருகுவே 2004-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, குடிநீர் வழங்கலை அரசு அமைப்புகளுக்கு மட்டும் உரியதாக்கியது. நியூசிலாந்திலோ 2022-இல் சாதாரணச் சட்ட மசோதாவுக்குள்ளேயே, நீர்ச் சேவையின் பொது உரிமையைக் காக்க, அறுபது விழுக்காட்டு ஆதரவின்றி மாற்ற முடியாத பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு நாடாளுமன்றம் அடுத்ததன் கையை இப்படிக் கட்டலாமா என்று சட்ட அறிஞர்கள் எதிர்க்கவே, விரைவில் அதைக் கைவிட்டார்கள். இந்திய நாடாளுமன்றத்தின் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் நம் சட்டப்பேரவைக்கு இவ்வழி எட்டாது.

நெதர்லாந்தின் வழி எளியது. அங்கே குடிநீர் நிறுவனங்கள் வடிவில் கம்பெனிகளே. ஆனால் பங்குகள் பொது அமைப்புகளிடமே இருக்க வேண்டும் என்று 2004-இல் சட்டம் செய்தார்கள். நமக்கும் இது பொருந்தும். மின்சாரம் பொதுப் பட்டியலில் இருக்க, குடிநீர் வழங்கல் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனமாக உள்ளது. சாதாரணப் பெரும்பான்மையால் நீக்கிவிடலாமே என்பார்கள், உண்மைதான். ஆனால் அதற்குப் பேரவையில் எழுந்து நின்று கை தூக்க வேண்டும், கோப்பில் கையெழுத்திட்டு முடிக்க முடியாது. என் கணக்கில் அதுவே பெரிய லாபம்.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் 2018-இல் சூயஸ் என்ற பிரெஞ்சுத் தனியார் நிறுவனத்துடன் செய்த 26 ஆண்டு ஒப்பந்தத்தில் குழாய்களை மாநகராட்சி விற்றுவிடவில்லை. விநியோகப் பணியைத்தான் ஒப்படைத்தது. உரிமையை மட்டும் காக்கும் சட்டம் இத்தகைய ஒப்பந்தத்தைத் தொடவே தொடாது. இயக்கம், பராமரிப்பு, கட்டண வசூல் என்று பெயர் சொல்லி எழுதாத வரைவை நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்னொன்று: கடலோரத் தெருக்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறி, குடத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறது, குழாய் இருந்தும் வாசலில் இருபது லிட்டர் கேன் இறங்குகிறது. குழாய் அரசிடம், குடிக்கும் தண்ணீர் தனியாரிடம் என்ற பங்கீடு இப்போதே நடந்துவிட்டது. எனவே வார்டுவாரியாக நீரின் உப்பளவை மாதந்தோறும் வெளியிடும் கடமையும் அதே சட்டத்தில் இடம்பெற வேண்டும்.