மைனஸ் பைனரி: புரட்டி ஒன்று கூட்டுவதா, −128 வைப்பதா?

போன வாரம் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்திருந்தபோது, டிப்ளோமா படிக்கும் அக்கா மகன் ரசீதுக்குப் பின்னால் 11010110 என்று எட்டு பிட் பைனரி எண் (ஒவ்வொரு 0, 1உம் ஒரு பிட்) ஒன்றை எழுதி, "மாமா, இது மைனஸ் 41ஆ, 42ஆ?" என்றான். தே தாரிக் ஆறிப்போகும்வரை அதோடுதான் மல்லுக்கட்டினோம்.

கணினிகள் மைனஸ் எண்ணை வழக்கமாக வைத்திருக்கும் விதத்துக்கு டூஸ் காம்ப்ளிமென்ட் என்று பெயர். அதைப் படிக்க அவனுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தது புரட்டும் முறை. இடது ஓரத்தில் 1 இருந்தால் எண் மைனஸ். அப்புறம் எல்லா பிட்டையும் புரட்டி (0ஐ 1ஆக, 1ஐ 0ஆக மாற்றி), ஒன்று கூட்டி, முன்னால் மைனஸ் போட வேண்டும். புரட்டினால் 00101001, அதாவது 41. ஒன்று கூட்டினால் 42, ஆக −42. பையன் அந்த ஒன்றை விட்டுவிட்டான், அவ்வளவுதான். (ஒன்று கூட்டாமல் புரட்டுவதோடு நிறுத்தும் ஒன்ஸ் காம்ப்ளிமென்ட்டில் −41தான் சரி. 1964இல் வந்த சிடிசி 6600 கணினி அப்படித்தான் எண்களை வைத்திருந்தது, எனவே பையனை ரொம்பத் திட்டவும் முடியாது.)

எனக்குப் பிடித்தது வேறு. இடது ஓர பிட்டின் மதிப்பை 128 என்று எடுக்காமல் −128 என்று எடுங்கள், மற்றதெல்லாம் வழக்கம்போல 64, 32, 16, 8, 4, 2, 1. −128 + 64 + 16 + 4 + 2, விடை −42. புரட்டலும் இல்லை, மறக்க ஒரு ஒன்றும் இல்லை. பிளஸ் எண்ணுக்கும் இதே கணக்குத்தான், ஓர பிட் 0 என்றால் அந்த −128 தானாகவே விழுந்துவிடும். 10000000 வந்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்: புரட்டி ஒன்று கூட்டினால் மறுபடி அதே 10000000 வந்து நிற்கும், பையன்கள் அங்கே முழிப்பார்கள், இந்த முறையில் நேராக −128.

கையில் கால்குலேட்டர் இருந்தால் மூன்றாவது வழி: குறியைக் கண்டுகொள்ளாமல் மதிப்பைப் போட்டு 256ஐக் கழித்துவிடலாம். இங்கே 128 + 64 + 16 + 4 + 2 = 214, ஆக 214 − 256 = −42. ஓர பிட் 1 என்றால் மட்டும் கழிக்க வேண்டும் என்பதை மறந்தால் போச்சு.

16 பிட்டில் 1111111111010110 வந்தால்? ஓர பிட்டின் மதிப்பான −32768இல் ஆரம்பித்து மாரடிக்க வேண்டாம். முன்னால் வரிசையாக நிற்கும் 1களில் கடைசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடலாம், மதிப்பு மாறாது. மிச்சம் 1010110, இப்போது ஓர பிட்டின் மதிப்பு −64, அதாவது −64 + 22, அதே −42.

இதெல்லாம் டூஸ் காம்ப்ளிமென்ட்டுக்கு. கேள்வியில் சைன் மேக்னிடியூட் (ஓர பிட் குறியை மட்டும் சொல்லும், மீதி பிட்கள் அளவைச் சொல்லும்) என்று போட்டிருந்தால் அதே 11010110 மைனஸ் 86 ஆகிவிடும், முதல் வரியைப் படிக்காமல் கணக்கில் இறங்காதீர்கள்.

"வழிமுறைக்கும் மார்க் உண்டு மாமா" என்றான். சரி, தாளில் புரட்டியே எழுது, ஓரத்தில் −128 வைத்து விடையைச் சரிபார்த்துக்கொள் என்றேன்.