ஆம்ப் ஹம்மிங்குக்கு வாங்கின 280 ரூபா கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் - ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்த அப்புறம் எழுதுறேன்

மொதல்ல நேரா சொல்லிடுறேன், டிவிக்கும் ஆம்புக்கும் நடுவுல சிக்னல் ஒயர்ல மாட்டுற இந்த டப்பா வேலை செய்யுது. ரெண்டு மாசமா என் வீட்ல ஓடிட்டு இருக்கு, உர்ர்ர்னு வந்துட்டு இருந்த ஹம்மிங் சுத்தமா நின்னுடுச்சு. ஆனா உங்க வீட்ல வர்ற ஹம்மிங் எங்க இருந்து வருதுன்னு தெரியாம வாங்கினீங்கன்னா காசு போனதுதான், அதனால டப்பாவைப் பத்தி மட்டும் சொல்லாம எப்படித் தேடிக் கண்டுபிடிச்சேன்னும் சேர்த்தே எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

என்கிட்ட இருக்கிறது லோக்கல்ல அசெம்பிள் பண்ண ஸ்டீரியோ ஆம்ப். 5200-1943 டிரான்சிஸ்டர் போட்ட போர்டு ரெண்டு, 24-0-24 டிரான்ஸ்பார்மர், முன்னாடி ஒரு பேஸ் ட்ரெபிள் போர்டு, எட்டு இன்ச் ஊபர் வெச்ச ரெண்டு பாக்ஸ். டிவியும் கம்ப்யூட்டரும் இதுலதான் போகுது. பகல்ல யாரும் ஹம்மிங்கை கண்டுக்க மாட்டாங்க, ஃபேன் சத்தம், ரோட்டு சத்தம் எல்லாத்துலயும் அமுங்கிடும். பிரச்சனை ராத்திரி பத்து மணிக்கு மேலதான், அப்பா அந்த நேரத்துல சின்ன சவுண்ட்ல கச்சேரி வெச்சுக் கேப்பாரு. அவர் கேக்குறதுல நெறைய பேரு ஒண்ணரைக் கட்டை ஸ்ருதியில (சி ஷார்ப்) பாடுறவங்க. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஹம்மிங்கும் அதே 50தான், அந்த ஸ்ருதியை வெச்சுப் பாத்தா இது பிரதி மத்யமத்துக்கு கொஞ்சம் மேல, பஞ்சமத்துக்கு கீழ, எதுலயும் சேராம நடுவுல நிக்கும். தம்புரா ஒரு பக்கம் இழுக்க இது ஒரு பக்கம் இழுக்கும். "ஸ்ருதி சேரலைப்பா, அடியில என்னமோ ஓடுது"ன்னு அப்பா சொன்னப்போதான் எனக்கு அது எவ்வளவு கொடுமைன்னு புரிஞ்சுச்சு. அவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது, காது மட்டும் அவ்வளவு சுத்தம்.

மொதல்ல ஒரு மெக்கானிக்கிட்ட தூக்கிட்டுப் போனேன். கேட்ட ஒடனே "பில்டர் கன்டன்சர் போயிருக்கும் சார்"னு சொல்லி, அதாவது பவர் சப்ளையில கரண்டை சீராக்குற கன்டன்சர், பழைய ரெண்டையும் எடுத்துட்டு புதுசா ரெண்டு 10000 மைக்ரோ பாரட் போட்டு 1200 ரூபா வாங்கிட்டாரு. அங்க கடையில போன்ல பாட்டு போட்டுக் காட்டினப்ப ஹம்மிங்கே இல்ல, சந்தோஷமா எடுத்துட்டு வந்தேன், வீட்ல மாட்டினா அதே உர்ர்ர். அப்ப எனக்குத் தோணியிருக்கணும், கடையில இல்லாதது வீட்ல வருதுன்னா ஆம்புக்கு வெளியதான் ஏதோ இருக்குன்னு. தோணல. ஒரு மாசம் அப்படியே ஓடுச்சு.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒக்காந்து எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டு ஒண்ணொண்ணா மாட்டிப் பாத்தேன். இதை யாரு வேணா செய்யலாம், மீட்டர் கூட வேணாம். மொதல்ல வால்யூமை ஜீரோவுக்கு கொண்டு போங்க. ஜீரோவுலயும் ஹம்மிங் அதே அளவு இருந்தா கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்கு அந்தப் பக்கம், அதாவது பவர் சப்ளையோ ஆம்ப் போர்டோ. வால்யூம் ஏத்த ஏத்த ஹம்மிங்கும் ஏறினா முன்னாடி இருந்துதான் வருது. எனக்கு ஏறுச்சு. சரின்னு பின்னாடி சொருகின எல்லா ஆர்சிஏ பின்னையும் (சிவப்பு வெள்ளை ஆடியோ பின்) உருவிட்டு, பழைய பின் ஒண்ணுல நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஈயம் வெச்சு ஷார்ட் பண்ணி அதை இன்புட்ல சொருகினேன். வால்யூம் முக்கால் வரைக்கும் ஏத்தியும் ஸ்பீக்கர்ல காதை ஒட்டி வெச்சாத்தான் லேசா ஸ்ஸ்னு கேக்குது. ஆம்ப் மேல ஒரு தப்பும் இல்ல. 1200 ரூபா நினைச்சு அப்பதான் மனசு வலிச்சுது.

அடுத்து போன். சார்ஜர் இல்லாம வெறும் பேட்டரியில மாட்டினேன், சுத்தம். சார்ஜரைச் சொருகினேன், லேசா இர்ர்ர்னு ஒரு இரைச்சல் சேர்ந்துச்சு, ரெண்டு பின் சார்ஜர்ல இது சகஜம். டிவியை மாட்டினேன், பழைய ஹம்மிங் முழுசா வந்துடுச்சு. டிவியை ரிமோட்ல ஆஃப் பண்ணாலும் போகல, பிளக்கை உருவினாலும் போகல! கரண்டே இல்லாத டிவியில இருந்து எப்படிடா ஹம்மிங் வருதுன்னு ரொம்ப நேரம் குழம்பிட்டு, கடைசியில பின்னாடி கையை விட்டு செட்டாப் பாக்ஸ்ல இருக்கிற கேபிள் ஒயரோட திருகை கழட்ட ஆரம்பிச்சேன். மூணு நாலு சுத்து வரைக்கும் ஒண்ணும் இல்ல. கடைசி மரை விடும்போது அந்த வெளி வளையம் லேசா தொட்டு விலகி தொட்டு விலகி வந்துச்சு பாருங்க, அதுக்கு ஏத்த மாதிரி ஸ்பீக்கர்ல உர் நிசப்தம் உர் நிசப்தம்னு வந்துச்சு. ஒயரை முழுசா எடுத்ததும் ரூமே அமைதியாயிடுச்சு, அது வரைக்கும் எவ்வளவு சத்தத்துல ஒக்காந்திருந்தோம்னே அப்பதான் தெரிஞ்சுது.

விஷயம் என்னன்னா, கேபிள் ஒயரோட வெளி சல்லடை (ஷீல்டு) தெருவுல இருந்து வருது, வழியில எங்கெங்கயோ கிரவுண்ட் ஆகியிருக்கும். என் ஆம்ப் மூணு பின் பிளக், கேபினெட் வீட்டு எர்த்ல இருக்கு. அந்த எர்த்துக்கும் இந்த எர்த்துக்கும் நடுவுல கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் எப்பவும் இருக்கும். தெரு ஒயர்ல ஆரம்பிச்சு செட்டாப் பாக்ஸ், டிவி, ஆர்சிஏ ஒயரோட ஷீல்டு, ஆம்ப் கேபினெட், வீட்டு எர்த்னு ஒரு பெரிய வளையம் உண்டாகி அதுக்குள்ள 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். ஷீல்டு வழியா அது ஓடும்போது பாட்டு சிக்னலோட சேர்ந்து ஆம்புக்குள்ள போயிடுது. இதுக்குப் பேருதான் கிரவுண்ட் லூப். கம்ப்யூட்டர்லயும் இதே கதைதான், அதுவும் மூணு பின்.

இங்க ஒரு விஷயத்தை கையெடுத்துக் கும்பிட்டு கேட்டுக்கிறேன். ஹம்மிங் போகணும்னா ஆம்ப் பிளக்ல எர்த் பின்னை வெட்டி விடுங்கன்னு ஒரு யோசனை ஊரெல்லாம் சுத்துது. ஹம்மிங் போகும், உண்மைதான். ஆனா என்னிக்காவது டிரான்ஸ்பார்மர் பிரைமரி இன்சுலேஷன் போய் கேபினெட்ல பட்டா 230 வோல்ட் அந்த இரும்புப் பெட்டி மேலயே நிக்கும், வால்யூம் திருக அப்பாதான் கை வைப்பாரு. எர்த்ல கை வைக்காதீங்க. சிக்னல் ஒயர்ல வெட்டுறதுக்குத்தான் இந்த டப்பாவே இருக்கு.

வாங்கினது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல, நரசிங்கபுரம் தெரு பக்கம் ஒரு குட்டிக் கடை. அந்த அண்ணன் டப்பாவை எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னாடி "எங்க சார் மாட்டப் போறீங்க?"ன்னு கேட்டாரு. "டிவியில இருந்து ஆம்புக்குண்ணா". "கேபிள் ஒயரைக் கழட்டிப் பாத்தீங்களா?" "பாத்தேண்ணா, கழட்டினா நின்னுடுது". "அப்ப எடுத்துட்டுப் போங்க. ஒயரெல்லாம் கழட்டியும் ஹம்மிங் இருந்தா இதை வாங்காதீங்க, உள்ள வேற பிரச்சனை"ன்னாரு. விக்கிறவரே இதைச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

டப்பா தீப்பெட்டியை விட கொஞ்சம் பெருசு, கருப்பு பிளாஸ்டிக், ரெண்டு பக்கமும் ஆர்சிஏ ஒயர், கம்பெனி பேருன்னு எதுவும் இல்ல. பேட்டரி, அடாப்டர் எதுவும் வேணாம். உள்ள லெஃப்ட்டுக்கு ஒண்ணு ரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு குட்டி ஆடியோ டிரான்ஸ்பார்மர் இருக்கு, சிக்னல் காந்த வழியா தாண்டிப் போகும், செம்பு வழியா தொடர்பு கிடையாது. வந்ததும் மீட்டர்ல கன்டினியூட்டி (தொடர்பு இருந்தா பீப் அடிக்கிறது) வெச்சு இந்தப் பக்க பின்னோட வெளி வளையத்துக்கும் அந்தப் பக்க வெளி வளையத்துக்கும் பாத்தேன், பீப் வரலை, சரியான சரக்குதான். வாங்கும்போது கடையிலயே இதை பாத்துடுங்க, பீப் வந்தா அது வெறும் ஒயர் மாதிரிதான்.

மாட்டினதும் என்ன ஆச்சுன்னா ஹம்மிங் முக்கால்வாசி போச்சு, முழுசா போகல. ஏமாத்திட்டாங்களோன்னு நினைச்சுட்டே டப்பாவைக் கையில எடுத்தேன், எடுத்த ஒடனே நின்னுடுச்சு. திருப்பி வெச்சா வருது. அப்புறம்தான் புரிஞ்சுது, நான் அதை வெச்சிருந்தது ஆம்ப் கேபினெட் மேலயே, சரியா பவர் டிரான்ஸ்பார்மருக்கு நேர் மேல. பெரிய டிரான்ஸ்பார்மரோட காந்தப் புலத்தை இந்தக் குட்டி டிரான்ஸ்பார்மர் புடிச்சு உள்ள அனுப்பிட்டு இருந்திருக்கு. கையில வெச்சு மெதுவா சுத்திப் பாத்தேன், ஒரு திசையில ஹம்மிங் கூடுது, கால் சுத்து திருப்பினா கிட்டத்தட்ட இல்லாமப் போகுது. ரெண்டு ஜான் தள்ளி டிவி பக்கமா தொங்க விட்டேன், அதோட முடிஞ்சுது. டப்பா சரியில்லைன்னு நினைக்கிறவங்க மொதல்ல இதை செஞ்சு பாருங்க.

குறைன்னா பேஸ். ஒளிக்காம சொல்றேன், அடி சவுண்ட் கொஞ்சம் குறையுது. மிருதங்கத்துல வலந்தலை (வலது பக்கம்) அப்படியே இருக்கு, தொப்பி (இடது பக்கம்) அடிக்கிறப்ப அந்த கும்கி இழுப்பு முன்ன மாதிரி நிறைவா வர்றதில்ல. சின்னக் கோர் டிரான்ஸ்பார்மர், கீழ் பிரீக்வன்சியில சிக்னல் பலமா வந்தா தாங்காது. இதுக்கு ஒரு வழி இருக்கு, டிவி வால்யூமை ஃபுல்லா வைக்காம பாதியில வெச்சுட்டு ஆம்ப்ல ஏத்திக்கோங்க, டப்பாவுக்குள்ள போற சிக்னல் சின்னதா இருந்தா பேஸ் நல்லாவே தேறுது. ராத்திரி சின்ன சவுண்ட்ல கேக்குற அப்பாவுக்கு வித்தியாசம் தெரியல. நான் ஞாயித்துக்கிழமை சத்தமா குத்துப்பாட்டு போடும்போது எனக்குத் தெரியுது.

பேஸ்ல ஒரு துளி கூட விட மாட்டேங்கிறவங்க டிவியில ஆப்டிகல் அவுட் இருந்தா ஒரு டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர் வாங்கிடுங்க, ஆப்டிகல் ஒயர்ல வெளிச்சம்தான் போகுது, கரண்ட் தொடர்பே இல்ல, லூப்புக்கு வழியில்ல. ஆனா அந்த கன்வர்ட்டருக்கு 5 வோல்ட் வேணும்னு டிவியோட யூஎஸ்பியிலயே சொருகிடாதீங்க, அந்த யூஎஸ்பி ஒயர் வழியா கிரவுண்ட் திரும்ப சேர்ந்து ஹம்மிங் அப்படியே வந்து நிக்கும். தனி சார்ஜர்ல போடுங்க.

எங்க வேலை செய்யாதுங்கிறதுக்கு மச்சான் வீட்டு கதை. அவர்கிட்ட 4440 ஐசி போட்ட சின்ன ஆம்ப், 12-0-12 டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியா மாத்த ரெண்டு டயோடு. "மாப்ள உன் டப்பாவைக் கொஞ்சம் குடு"ன்னு வாங்கிட்டுப் போனாரு, ஒண்ணும் மாறல. போய் பாத்தேன், இன்புட்ல எதுவுமே சொருகல, வால்யூம் ஜீரோ, அப்பவும் ஹம்மிங். தெறந்து பாத்தா ஒரு டயோடோட காலு ஈயத்துல ஒட்டாம ஆடிட்டு இருக்கு, அதனால பாதி அலைதான் கன்டன்சருக்குப் போகுது, அங்க இருந்ததோ வெறும் 1000 மைக்ரோ பாரட், தலை உப்பியிருந்துச்சு. டயோடுக்கு திரும்ப ஈயம் வெச்சு, கன்டன்சரை 4700க்கு மாத்தினோம், சரியாயிடுச்சு. இந்த மாதிரி கேஸ்ல கன்டன்சர் மாத்துறது நியாயம், என் கேஸ்ல அது தேவையே இல்லாத செலவு, ரெண்டையும் பிரிச்சுக் காட்டினது அந்த வால்யூம் ஜீரோ டெஸ்ட்டுதான்.

இன்னொண்ணு, இதை ஸ்பீக்கர் ஒயர்ல மாட்டக் கூடாது, ஆம்புக்கு முன்னாடி இருக்கிற சிக்னல் ஒயருக்கு மட்டும்தான்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், ஒண்ணைக் குறைச்சது பேஸுக்காக. கம்ப்யூட்டர் லைனுக்கும் இன்னொண்ணு வாங்கணும், 3.5 எம்எம் பின் வெச்சும் இதே டப்பா அந்தக் கடையில தொங்கிட்டு இருந்துச்சு. போறவங்க ஞாயித்துக்கிழமை போயிடாதீங்க, அங்க முக்கால்வாசி கடை மூடியிருக்கும்.