புக்கெட் போகிற நம்ம மலைக்காரர்களுக்கு: கடற்கரையில் யார் கையிலும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கமிருந்து தாய்லாந்து கிளம்புகிறவர்கள் இப்போது அதிகம். எங்கள் டீ ஃபேக்டரியிலேயே இரண்டு குடும்பம் விசாரித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். 2025 செப்டம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் புக்கெட் தீவுக்குப் போனோம். இறங்கிய முதல் நாள், பொழுது சாய்வதற்குள், 18,000 பாட் பறிகொடுத்தோம். எங்களுக்குக் கிடைத்த மாற்று விலையில் 48,600 ரூபாய்.

எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம். அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர். பிறந்ததிலிருந்து மலையிலேயே இருக்கிறவள், கடலைப் பார்த்தது வாழ்க்கையில் இரண்டே தடவை: ராமேஸ்வரத்தில் ஒன்று, சென்னையில் ஒன்று. நான்கு வருடமாகக் கட்டிய சீட்டை எடுத்து, காலாண்டு லீவில் போகலாம் என்று முடிவு செய்தோம். நம்ம பக்கத்திலேயே ஆபீஸ் வைத்திருக்கிற ஒரு ஏஜெண்டிடம் போனோம். தெரிந்த முகம், ஊர்க்காரர், அந்த நம்பிக்கைதான்.

"மழைக்காலமாச்சே, பரவாயில்லையா?" என்று நான் கேட்டேன். "நம்ம ஊட்டியில செகண்ட் சீசன் இருக்குல்லண்ணா, அங்கயும் அப்படித்தான். இப்பதான் சூப்பரா இருக்கும்" என்றார். ஊட்டியில் செப்டம்பர் வாக்கில் வருகிற இரண்டாவது டூரிஸ்ட் சீசனைத்தான் சொன்னார். புக்கெட்டைப் பற்றி அவர் சொன்னது முழுப் பொய். புக்கெட்டின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. நம்ம கூடலூர்ப் பக்கத்துக்கு எந்தக் காற்று மழை கொண்டுவருகிறதோ அதே காற்றுதான் அங்கேயும். செப்டம்பர், அக்டோபரில் மழை இன்னும் பலம். கடலில் இறங்கவிடாமல் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். நவம்பருக்குப் பிறகுதான் அங்கே சீசன்.

பேக்கேஜ் இரண்டு பேருக்கு 1,80,000. அதற்கு மேல், டூர் விற்கிறவரே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய டி.சி.எஸ். வரி, அப்போதைய கணக்கில் 5 சதவீதம் என்று 9,000. அதற்கும் மேல் "தாய்லாந்து என்ட்ரி கார்டு" என்று தலைக்கு 1,500. இந்த கார்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். டி.டி.ஏ.சி. என்பார்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகிற வெளிநாட்டவர் எல்லாரும் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகைப் பதிவு அது. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே நிரப்பலாம். கட்டணம் கிடையாது. ஊட்டிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் எப்படி இலவசமோ அப்படித்தான் இதுவும். அந்த இ-பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று டூரிஸ்ட்டுகளிடம் யாராவது காசு வாங்கினால் நமக்குக் கோபம் வருகிறது இல்லையா? அதே வேலையை நம்ம ஆள் எங்களிடமே செய்தார்.

கோவையில் இரவு ஏறி, சிங்கப்பூரில் விமானம் மாறி, மதியம் புக்கெட்டில் இறங்கினோம். எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்பார் என்றார்கள். எத்தனையோ பெயர் இருந்தது, எங்கள் பெயர் இல்லை. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் "டிரைவர் வந்துட்டே இருக்கான்ணா". ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, 900 பாட் கொடுத்து டாக்ஸி பிடித்தோம். விமான நிலையத்திலிருந்தே கடற்கரைப் பக்கம் 100 பாட்டுக்கு பஸ் ஓடுகிறது என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரியும். "கடற்கரை ஓரம்" என்று எழுதிக் கொடுத்த ஹோட்டல், பதோங் கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஒரு சந்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முகம் கழுவிவிட்டு, "வாங்க, நடந்தே போய்டலாம், கடல் எங்கயும் போயிடாது" என்றாள்.

நாலரை மணிக்குக் கரைக்குப் போனோம். மழை விட்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடிதாரை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி அலையில் நின்றாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். கோத்தகிரியில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிற தண்ணீரில் பாத்திரம் கழுவியவள். அந்தப் பத்து நிமிடத்துக்காக மட்டும் இந்தப் பயணத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கரையின் ஒரு பக்கம் சிவப்புக் கொடிகள். அலை குறைவான இன்னொரு பக்கத்தில் ஜெட்ஸ்கிகள் வரிசையாக நின்றன. கடலில் ஓடுகிற பைக் மாதிரி வண்டி. அரை மணிக்கு 1,500 பாட். போகலாம் என்று சொன்னது நான்தான். வாடகைக்கு விடுகிறவன் நன்றாகச் சிரித்துப் பேசினான், கொஞ்சம் இந்திகூட வந்தது. ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டான். சின்ன எழுத்தில் ஒரு பக்கம் இங்கிலீஷ். படிக்காமல் போட்டேன். பிறகு, டெபாசிட்டுக்கு இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் வேண்டும் என்றான்.

எனக்கு இடித்தது. ஏஜெண்டைக் கூப்பிட்டேன். "குடுங்கண்ணா, அங்க எல்லாரும் அப்படித்தான் வாங்குவாங்க, பயப்படாதீங்க" என்றார். கொடுத்தேன். அவன் இடுப்புப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். அந்த ஜிப் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இருபது நிமிடம் ஓட்டியிருப்பேன். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கரையோரமாகவே போய் மெதுவாகவே திரும்பினோம். எதிலும் இடிக்கவில்லை, பாறைப் பக்கமே போகவில்லை. கரைக்கு வந்ததும் இரண்டு பேர் ஓடி வந்து வண்டியை மணலில் இழுத்துப் போட்டார்கள். சிரித்துப் பேசியவன் குனிந்து, நேராக வலது பக்கம் அடியில் விரலை வைத்தான். தேடவே இல்லை, நேராக வைத்தான். ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், நடுவில் விரிசல். 45,000 பாட் என்றான்.

அவள் மணலில் மண்டியிட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். நகத்தால் அந்த விரிசலைச் சுரண்டினாள். நகத்தில் கரும்பச்சையாகப் பாசி வந்தது. "என்னங்க, இது பழசு. புதுசா உடைஞ்சா உள்ள வெள்ளையாத் தெரியும். இதுல பாசி பிடிச்சு, உப்பு காய்ஞ்சு இறுகிப்போயிருக்கு" என்றாள். நான் ஃபேக்டரியில் இலை வாங்குகிறவன். இன்று பறித்த இலைக்கும் நேற்றுப் பறித்து மூட்டையில் வெந்துபோன இலைக்கும் உள்ள வித்தியாசம் கை வைத்தால் தெரியும். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த நகத்தை அவனிடமே நீட்டிக் காட்டினாள். "ஓல்ட், ஓல்ட்" என்றாள்.

அதற்குப் பிறகு சிரிப்பு போய்விட்டது. நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். கத்தினார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளை முகத்துக்கு நேரே ஆட்டினார்கள். போலீஸ் மாதிரிச் சட்டை போட்ட ஒருவர் வந்து, பேசி முடித்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷனுக்குப் போனால் இன்னும் அதிகமாகும் என்றார். அவர் நிஜப் போலீஸா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பாஸ்போர்ட்டும் அந்த இடுப்புப் பையில். நம் தூதரகம் இருப்பது பாங்காக்கில். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்துடுங்க, போயிடலாம்" என்றாள். கை நடுங்கியது.

18,000-க்கு இறங்கினார்கள். கையிலிருந்த 12,000-ஐக் கொடுத்தேன். மீதிக்கு ஒருவன் கூடவே ஏ.டி.எம். வரை நடந்து வந்தான். அந்த மெஷின் எடுப்புக் கட்டணம் 220 பாட் தனி. பாஸ்போர்ட் திரும்பி வந்தபோது அவளுடையதன் அட்டையில் ஈரக் கட்டைவிரல் ரேகை இருந்தது. துப்பட்டாவால் துடைத்து, துடைத்து, ஹோட்டல் வரை துடைத்துக்கொண்டே வந்தாள்.

நடந்ததைக் கேட்ட ரிசப்ஷன் பெண், "1155-க்கு ஏன் கூப்பிடவில்லை?" என்றாள். தாய்லாந்தின் டூரிஸ்ட் போலீஸ் எண் அது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, இங்கிலீஷில் பேசலாம். அங்கேயே நின்று, பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணை அழுத்தியிருந்தால் கதை வேறாகியிருக்கும். புக்கெட்டிலும் பட்டாயாவிலும் பல வருடமாக நடக்கிற வித்தையாம் இது. வாடகை ஸ்கூட்டரிலும் இதே கதைதானாம். ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி, அடிப்பக்கம் உட்பட வீடியோ எடுங்கள், அவன் முகமும் வண்டி எண்ணும் விழுகிற மாதிரி. எடுக்கவிடாவிட்டால் நடையைக் கட்டுங்கள். டெபாசிட் கேட்டால் பணமாகக் கொடுங்கள், பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸைக் கொடுங்கள். அசலைக் கொடுக்கவே வேண்டாம். நம் 1967-ஆம் வருட பாஸ்போர்ட் சட்டம் 17-ஆம் பிரிவின்படி அந்தப் புத்தகம் இந்திய அரசின் சொத்து. அடகு வைக்க அது நம்முடையதே இல்லை. இது தெரிந்த ஏஜெண்ட் "குடுங்கண்ணா" என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஊர் திரும்பியதும் அவர் ஆபீஸுக்குப் போனேன். "ஜெட்ஸ்கி பேக்கேஜில் இல்லையேண்ணா" என்றார். சரி, ஹோட்டல்? வராத வண்டி? இலவச கார்டுக்கு வாங்கிய 3,000? "பார்க்கலாம்ணா." டிசம்பரில் வருமான வரித் தளத்தில் என் 26ஏ.எஸ். படிவத்தை, அதாவது நம் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டுகிற கணக்கை, திறந்து பார்த்தேன். டி.சி.எஸ். என்று என்னிடம் வாங்கிய 9,000 அதில் இல்லவே இல்லை. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குப் பிடிக்கிற அந்த வரியை ஏஜெண்ட் நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். நாம் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். கட்டியவர்கள் எல்லாரும் ஒரு தடவை திறந்து பாருங்கள். நம்மவர்களில் பல பேர் பார்ப்பதே இல்லை.

நல்லவேளை, பாதிப் பணம் பேங்க் வழியாகப் போயிருந்தது, "கடற்கரை ஓரம்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் அழியாமல் இருந்தது. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். பிறகு உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். ஐந்து லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். புகாரை எழுதியது அவள்தான். நாலு பக்கம், டீச்சர் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

இதே மாதிரி "செகண்ட் சீசன்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நம்ம மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால், உங்கள் ரசீதையும் வவுச்சரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்னைத் தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்தே உதகைக்குப் போகலாம்.