மாவு பிசையாத பீட்சா: எந்த ரொட்டி தாங்கும்?

பீட்சா மாவைப் பிசைந்து, ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜில் புளிக்கவைத்து, கையால் தட்டி விரிக்கும் பொறுமை எல்லா நாளும் வருவதில்லை. அந்த மாதிரி நாட்களில்தான் ஏற்கெனவே வெந்த ரொட்டியில் சாஸைத் தடவி, சீஸைத் தூவி, ஓவனுக்குள் தள்ளுகிறோம். பத்து நிமிடத்தில் ஏதோ ஒன்று வெளியே வருகிறது. அது பீட்சாவா, சீஸ் போட்ட ஈர ரொட்டியா என்பது அடியில் என்ன ரொட்டி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான், பிட்டா (நடுவே பை உள்ள அரபு ரொட்டி), கோதுமை டார்ட்டில்லா (மெக்சிகோவின் மெல்லிய ரொட்டி), லவாஷ் (ஆர்மீனியா, ஈரான் பக்கத்து மெல்லிய ரொட்டி) என நான்கையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். (முதலாவதை இனி ‘நான் ரொட்டி’ என்றே எழுதுகிறேன். இல்லாவிட்டால் ‘நான் கருகிவிட்டேன்’ என்று படித்துவிட்டுப் பதறுவீர்கள்.)

பச்சை மாவுக்கும் வெந்த ரொட்டிக்கும் உள்ள அடிப்படை வித்தியாசத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பச்சை மாவு சூட்டில் உப்பும், விளிம்பு எழும்பும். வெந்த ரொட்டியின் வடிவம் ஏற்கெனவே உறைந்துவிட்டது. இனி அது காயும், அல்லது ஊறும். அவ்வளவுதான். நேப்பிள்ஸ் பாணி விறகு அடுப்பில் ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் 60 முதல் 90 வினாடிக்குள் பீட்சா தயாராகிவிடும். வீட்டு ஓவன்கள் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அந்தச் சூட்டில் பச்சை மாவு வேக நேரமாகும், வேகும்போதே உலர்ந்தும் போகும். வெந்த ரொட்டிக்கு அந்தக் கவலை இல்லை. அடி முறுக வேண்டும், சீஸ் உருக வேண்டும், இரண்டே வேலை. இந்த ஒரு விஷயத்தில் ரொட்டிக்காரர்கள் மாவுக்காரர்களை முந்துகிறார்கள்.

நான் ரொட்டியிலிருந்து தொடங்கலாம், பலரும் முதலில் எடுப்பது அதைத்தான். தடிமன் நன்றாக இருக்கும். காளான், குடமிளகாய், வெங்காயம் என்று எத்தனை ஏற்றினாலும் வளையாமல் சுமக்கும். தயிரும் கொழுப்பும் சேர்த்த மாவு என்பதால் விளிம்பு சீக்கிரம் பொன்னிறமாகும். 220 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் போதும். ஆனால் உள்ளே பஞ்சு பஞ்சாகவே இருக்கும். கடித்தால் முதலில் ரொட்டிதான் வாய்க்கு வருகிறது, பீட்சா பின்னால் வருகிறது. ருசி இல்லை என்று சொல்லவில்லை, நன்றாகவே இருக்கும். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் பீட்சா என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். அடிப்பக்கம் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் தடவி, ஓவனில் முன்பே சூடேறிய தட்டின் மேல் வெறும் ரொட்டியை இரண்டு நிமிடம் போட்டெடுத்து, அப்புறம் சாஸ் தடவினால் நிலைமை கொஞ்சம் தேறும்.

பிட்டா என்னை ஒரு முறை நன்றாக ஏமாற்றியது. அழகாகச் சாஸ் தடவி, சீஸ் தூவி, ஆலிவ் துண்டுகளை வட்டமாக அடுக்கி உள்ளே வைத்தேன். நாலு நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பிட்டா பந்து மாதிரி உப்பி நிற்கிறது. ஆலிவ் ஒவ்வொன்றாகச் சறுக்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. சீஸ் ஓவன் தரையில் விழுந்து புகைய ஆரம்பித்துவிட்டது. பிட்டா என்பது இரண்டு படலங்களும் நடுவே ஒரு பையும்தானே? உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அந்தப் பையை நிரப்பியிருக்கிறது. முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டால் இது நடக்காது. அதைவிட நல்ல வழி, விளிம்பைக் கத்தரித்து இரண்டு வட்டங்களாகப் பிரித்துவிடுவது. உள்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் அதை மேலே வைத்தால் சாஸ் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். இப்படிச் செய்தால் பிஸ்கட் போல மொறுமொறுவென்று வரும். ஆனால் மெலிந்துவிட்டதால் பாரம் தாங்காது; சீஸும் ஒரே ஒரு காயும்தான்.

லவாஷைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரிய, மெல்லிய விரிப்பு; தட்டு முழுக்கப் போட்டுச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொறிக்கலாம். ஒரு நிமிடம் அசந்தால் ஓரம் கருகிவிடும்.

டார்ட்டில்லாவைத்தான் நான் கடைசியில் எடுத்தேன், நம்பிக்கையே இல்லாமல். காகிதம் மாதிரி இருக்கும் இது என்னத்தைத் தாங்கும் என்று நினைத்தேன். ஓவன் தட்டில் வைத்துச் செய்தபோது அப்படித்தான் ஆனது. நடுப்பகுதி தொய்ந்து, எடுத்தால் சாஸ் மணிக்கட்டில் வழிந்தது. இரும்புக் கல்லுக்கு மாற்றிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

கல்லை மிதமான தீயில் நன்றாகச் சூடாக்கி, சில சொட்டு எண்ணெய் விட்டு, டார்ட்டில்லாவைப் போட்டு ஒரு பக்கம் புள்ளி புள்ளியாகச் சிவந்ததும் திருப்புங்கள். சிவந்த பக்கம் இப்போது மேலே. அதன் மேல் முதலில் சாஸ் அல்ல, துருவிய சீஸை மெல்லியதாக விளிம்பு வரை தூவுங்கள். உருகிய கொழுப்பு ஒரு தடுப்பாக நின்று ஈரம் கீழே இறங்குவதைத் தடுக்கும். அப்புறம் ஒன்றரை மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல், கெட்டியான தக்காளிச் சாஸை அங்கங்கே பொட்டு வைத்தது போல விடுங்கள். மீண்டும் கொஞ்சம் சீஸ். கல்லோடு ஓவனின் மேல் தீக்குக் கீழே இரண்டு மூன்று நிமிடம். விளிம்பைத் தாண்டிக் கல்லில் சிந்திய சீஸ் சரிகைக் கரை மாதிரி பழுப்பாக முறுகி நிற்கும். கத்தி முனையால் அடியைத் தட்டினால் டக் டக்கென்று சத்தம் வர வேண்டும். சோள டார்ட்டில்லாவில் இது சரிப்படாது. மாவை இழுவையாகப் பிடித்துவைக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாததால் ஓரம் பிளந்துவிடுகிறது.

எந்த ரொட்டியானாலும் தண்ணீர்தான் எதிரி. தக்காளியிலும் காளானிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். காளானை வதக்காமல் பச்சையாகப் போட்டால் அத்தனையும் ரொட்டிக்குள்தான் இறங்கும். நீரில் மிதக்கும் புதிய மொசரெல்லா சீஸைப் பிய்த்து அரைமணி நேரம் துணியில் வடியவிட வேண்டும். இந்த வேலைக்கு ஈரம் குறைந்த கட்டி மொசரெல்லாதான் ஏற்றது. அதையும் நீங்களே துருவுங்கள். துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவுப்பொடி சேர்த்திருப்பார்கள், அது சீராக உருகாது.

ஓவன் இல்லை, அடுப்பு மட்டும்தான் என்றால் மூடி போட்டுச் செய்யலாம். மூடியின் உள்பக்கம் கோத்த நீர் சொட்டாமலிருக்க, சற்றே சாய்த்து வையுங்கள். சீஸ் உருகும், சிவக்காது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு நாள் புளித்த மாவின் மணமும், கடித்தால் இழுபடும் அந்த விளிம்பும் இந்த நான்கில் எதிலும் கிடைக்காது. மெல்லிய, மொறுமொறுப்பான அடி என்பதில் மட்டும் இரும்புக் கல் டார்ட்டில்லா மாவு பீட்சாவோடு மல்லுக்கு நிற்கும். என் ஓட்டு அதற்கே. ஆனால் அது ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும், அதனால் சாப்பிடுகிறவர் முதலில் உட்கார வேண்டும். ஆறு பேர் ஆளுக்கொரு நேரத்தில் வந்து சேர்வார்கள் என்றால் பேசாமல் நான் ரொட்டியைச் செய்துவிடுங்கள். அரைமணி கழித்தும் தின்னும்படி இருக்கும். தட்டில் வைக்காமல் கம்பி வலையில் வையுங்கள், அடியில் வியர்க்காது. வெட்டக் கத்தி வேண்டாம், சமையல் கத்தரிக்கோல் போதும்.