எட்டாம் எண் மஞ்சள் சட்டை: காரைக்குடி ஜெர்ஸி அச்சுக் கடை ஒன்றைப் பற்றி

காரைக்குடி செக்காலைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையற்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, பத்தடி அகலத்தில் இருக்கும் இந்த ஜெர்ஸி அச்சுக் கடைக்கு நான் மூன்று ஆண்டுகளாகப் போய்வருகிறேன். பொங்கல் விளையாட்டுப் போட்டிகளுக்கு ஒப்புக்கொண்ட வேலையை முடிக்கவே இரவு பகலாக இயந்திரம் ஓடுவதால், கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். அதை மதித்துப் பெயரை விட்டுவிடுகிறேன். கடையின் வேலையைப் பற்றி எழுதாமல் விட மட்டும் மனம் வரவில்லை; காரணம், விளையாட்டு ரசிகன் அணிக்கு விசுவாசமாக இருக்கிறானா, ஆட்டக்காரருக்கு விசுவாசமாக இருக்கிறானா என்ற கேள்விக்கு நான் கண்ட தெளிவான விடை இந்தக் கடையின் ஆர்டர் நோட்டில்தான் இருக்கிறது.

இந்த மார்கழியில் இரண்டு வேலைகளுக்காகப் போனேன். ஒன்று, பள்ளத்தூரில் எங்கள் தெருப் பிள்ளைகளின் கிரிக்கெட் அணிக்குப் பதினைந்து சட்டைகள். மற்றொன்று, என் அண்ணன் மகனின் சிக்கல். அவனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கடையில் அடித்த ஜடேஜாவின் எட்டாம் எண் மஞ்சள் சட்டை அவனுக்குச் சிறுத்துவிட்டது. புதிதாக அடிக்கலாம் என்று எண்ணியிருந்த நேரத்தில், 2025 நவம்பரில் சென்னை ஐபிஎல் அணி ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. இனி சென்னையின் மஞ்சளில் எட்டைப் போடுவதா, ராஜஸ்தானின் இளஞ்சிவப்பில் போடுவதா என்று அவன் ஒரு மாதமாக முடிவெடுக்க முடியாமல் தவித்தான்.

முதலில் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே இரண்டு வகையில் அச்சிடுகிறார்கள். வெள்ளைப் பாலியஸ்டர் துணிக்கு, படத்தை முதலில் தாளில் அச்சிட்டு, அந்தத் தாளைத் துணிமேல் வைத்து ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் அழுத்துகிறார்கள். மை ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படாது; எத்தனை முறை துவைத்தாலும் உரியாது. இதுதான் சப்ளிமேஷன். மற்றது, ஏற்கெனவே சாயமேற்றிய சட்டையில் வினைல் எண்ணை வெட்டி ஒட்டுவது. விலை குறைவு, வேலையும் உடனே முடியும், ஆனால் ஏழெட்டுத் துவைப்பில் ஓரம் தூக்கும். மடித்து வைத்த இடத்தில் விரிசல் விழும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய சப்ளிமேஷன் சட்டையின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. அதே நாளில் வாங்கிய வினைல் சட்டையில் எட்டின் கீழ் வட்டம் பாதி போய், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்பதுபோல் தெரிகிறது. எனவே வினைல் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. சப்ளிமேஷன் சட்டைக்குப் பெயர், எண் எல்லாம் சேர்த்து 380 ரூபாய் கொடுத்தேன். துணி திருப்பூரிலிருந்து வருகிறது. வெயிலில் ஆடும்போது உடம்போடு ஒட்டாத வலைத்துணி.

கடைக்காரரின் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. எந்த ஐபிஎல் அணியின் சின்னத்தையும் அவர் அச்சிடமாட்டார். "அது அவங்க சொத்துண்ணே, நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். ஆகவே வாங்குபவர் கையில் மிஞ்சுவது மூன்றுதான்: நிறம், எண், பெயர். நிறம் அணிக்குரியது, எண்ணும் பெயரும் ஆளுக்குரியவை. இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுக்கிறார்கள், எதை விடமாட்டேன் என்கிறார்கள் என்பதை வைத்தே வந்தவரின் மனத்தை அவர் எடைபோட்டுவிடுகிறார். சரியான மஞ்சள் கிடைக்காமல் சற்றே எலுமிச்சைப் பக்கம் சாய்ந்த நாட்களிலும் ஒருவரும் சட்டையைத் திருப்பிக் கொடுத்ததில்லையாம். ஏழுக்குப் பதில் ஒன்று என்று தவறாக அடித்துவிட்ட நாளில் கடையில் சண்டையே நடந்திருக்கிறது.

ஏழு என்றால் தோனி என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெரு அணியில் பதினைந்து பேரில் ஆறு பேர் ஏழு கேட்டார்கள். ஓர் அணிக்கு ஓர் ஏழுதான் என்பது கடையின் வழக்கம் என்பதால், கடை வாசலிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டோம். சீட்டு விழாத ஒரு பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிள் மேல் போய் உட்கார்ந்துகொண்டான். எண்ணுக்கு இவ்வளவு உரிமை கொண்டாடுவது பிள்ளைகள் மட்டுமல்ல. 2017-இல் இலங்கையில் ஷர்துல் தாக்கூர் தம் முதல் ஒருநாள் ஆட்டத்தில் பத்தாம் எண்ணை அணிந்து இறங்கியபோது, அது சச்சினின் எண் என்று ரசிகர்கள் பொங்கி எழுந்தார்கள். பிறகு அவர் 54-க்கு மாறிக்கொண்டார்.

இதையெல்லாம் பார்த்தால் விசுவாசம் முழுக்க ஆளுக்குத்தான் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடைக்காரர் தம் பழைய நோட்டைப் புரட்டிக் காட்டியபோது அந்த எண்ணம் ஆட்டங்கண்டது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சென்னை அணி தடைசெய்யப்பட்டிருந்தது. தோனி புனே அணிக்கு ஆடினார். ரெய்னாவும் ஜடேஜாவும் குஜராத் லயன்ஸ் அணிக்குப் போனார்கள். விசுவாசம் ஆளுக்கு மட்டும் என்றால், அந்த இரண்டு ஆண்டுகளில் புனேயின் நிறத்தில் ஏழாம் எண் சட்டைகள் விற்றிருக்க வேண்டும். 2017 இறுதி ஆட்டத்தில் புனே ஒரே ஓட்டத்தில் மும்பையிடம் தோற்ற அந்த இரவு வரை, எங்கள் பக்கத்தில் தோனிக்காக ஆட்டம் பார்க்காத வீடு குறைவு. ஆனாலும் நோட்டில் புனே நிறம் ஒன்றுகூட இல்லை. ஆடாத அணியின் மஞ்சளில், வேறு அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரின் ஏழாம் எண்ணையே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். 2018-இல் அணி திரும்பி வந்து, காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தனி ரயிலே போனது நினைவிருக்கலாம். தோனி புனேவுக்கு ஆடியபோது புனே நிறத்தை உடுத்தாதவர்கள், மஞ்சள் புனேவில் ஆடியபோது ரயிலேறிப் போனார்கள்.

ஆனால் அணியின் பெயர் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. இதற்குச் சான்று எங்கள் ஊரிலேயே உண்டு. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகளில் ஒன்றுக்குக் காரைக்குடி காளை என்று பெயர். செட்டிநாட்டின் பெயரைத் தாங்கிய அணி என்ற பெருமையில் கடைக்காரர் இருபது சட்டைகள் அடித்து வைத்தார். பாதிக்கு மேல் விலைபோகவில்லை. ஒன்றை இன்னும் மேல்தட்டில் பாலித்தீன் உறையோடு வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டினார். அந்த அணி எங்கள் மண்ணில் வந்து ஆடவில்லை. பின்னர் பெயர் மாறி திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. 2025-இல் அதே அணி இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல்லை 118 ஓட்ட வித்தியாசத்தில் வீழ்த்திக் கோப்பையை வென்றபோது, எங்கள் தெருவில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. தங்கள் பெயரைச் சுமந்த அணிதான் அது என்று பிள்ளைகளுக்குத் தெரியவே இல்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஊரின் பெயருக்காகவே உயிரைக் கொடுக்கும் கூட்டமும் இதே கடைக்கு வருகிறது. தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு, அதன்பின் ஊருக்கு ஊர் வடமாடு, அதாவது வடக்கயிற்றில் கட்டிய காளையை அடக்கும் ஆட்டம். வடமாட்டில் இறங்கும் ஒன்பது பேருக்கும் சட்டை இங்கேதான் அடிக்கிறார்கள். நெஞ்சில் ஊர்ப் பெயர், அதற்கு மேல் குலசாமி பெயர், கையில் நன்கொடை கொடுத்தவர் பெயர், முதுகில் எண். ஆள் பெயரை யாரும் கேட்பதில்லை. அந்தக் களத்தில் தனிப்பெயரோடு புகழ்பெறுவது காளை ஒன்றுதான். பிறப்பால் வரும் விசுவாசம் இது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் தம் கோயிலைத் தேர்ந்தெடுப்பதில்லை, அந்தக் கோயிலுக்குள் பிறக்கிறார்கள் என்பதுபோல. தொலைக்காட்சியில் பார்க்கும் அணிக்கு இந்த வேர் கிடையாது. அங்கே முதலில் ஓர் ஆள்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போகிறார்; பிறகு அந்த வீடு பழகிவிடுகிறது.

வெற்றியும் தோல்வியும் இதில் எவ்வளவு என்று கேட்டேன். 1976-இல் ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஏழு பல்கலைக்கழகங்களில் கவனித்து எழுதியது எனக்கு நினைவிருந்தது: அமெரிக்கக் கால்பந்து அணி வென்ற வார இறுதிக்குப் பின் வரும் திங்கட்கிழமையில், மாணவர்கள் தங்கள் கல்லூரியின் பெயர் பொறித்த உடையைக் கூடுதலாக அணிந்து வந்தார்கள், அவர்களின் இன்னோர் ஆய்வில், பேசும்போதும் வென்றால் "நாங்கள்" என்றார்கள். நம் டீக்கடைகளிலும் "ஜெயிச்சுட்டோம்", "தோத்துட்டானுங்க" என்பதுதானே வழக்கு. கடைக்காரரும் அதையே சொன்னார். சென்னை வென்ற மறுநாள் காலையில் மஞ்சள் கேட்டு ஆட்கள் வருவார்கள். தோற்றால் அடித்து வைத்த சட்டையைக்கூட நாலு நாள் கழித்துத்தான் வாங்க வருவார்கள். ஆனால் 2025-இல் சென்னை முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தபோது, வெறும் மஞ்சள் சட்டைகள் தேங்கினவே தவிர, ஏழாம் எண் போட்டவை தேங்கவில்லை. மூன்றாம் எண்ணிலும் ஒரு கதை இருக்கிறது. ரெய்னாவை 2022 ஏலத்தில் எந்த அணியும் எடுக்கவில்லை, சென்னையும் எடுக்கவில்லை. ஆனாலும் தேவகோட்டையிலிருந்து ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் பங்குனியில் வந்து மூன்றாம் எண் மஞ்சள் சட்டை ஒன்று அடித்துக்கொண்டு போகிறார். மாற்று நிறம் கேட்டதே இல்லை.

கடையின் குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் பதினைந்து சட்டைகளிலும் "பள்ளத்தூர்" என்பதை ஒற்று விட்டுப் "பள்ளதூர்" என்று அடித்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் மாதிரியை அனுப்பியபோது நானும் கவனிக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் தமிழ் எழுத்தைத் தமிழ் நாட்டுக் கடையில் சரிபார்க்க ஓர் ஆள் இருக்க வேண்டும். பணம் கேட்காமல் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள், ஆனால் நான்கு நாள் தாமதமாகி, பிள்ளைகள் முதல் ஆட்டத்தைப் பழைய சட்டையில் ஆடினார்கள். சிறுவர்களுக்கான அளவும் சரியில்லை. 32 என்று போட்டிருப்பது 34 அளவுக்குத் தொளதொளக்கிறது. நேரில் போட்டுப் பார்த்து எடுப்பது நல்லது. பாதிப் பணம் முன்பணம், மீதி வாங்கும்போது, ஜிபே உண்டு.

என் அண்ணன் மகனுக்காகக் கடைக்காரர் இளஞ்சிவப்புத் துணியை எடுத்துப் போட்டார். மெஸ்ஸி 2023-இல் இன்டர் மயாமிக்குப் போனதிலிருந்து அந்த நிறத்தில் பத்தாம் எண் கேட்கிறார்கள் என்பதால் கைவசம் இருந்தது. "ஜடேஜா 2008-ல ஆரம்பிச்சதே ராஜஸ்தான்லதான் தம்பி, முதல் கப் அங்கதான் ஜெயிச்சாரு. இதுவும் அவரு வீடுதான்" என்று நல்ல மனத்தோடு சொன்னார். பையன் துணியைத் தொட்டுப் பார்த்தான், தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றான், பிறகு மடித்து வைத்துவிட்டான்.

"மஞ்சள்லயே எட்டு போடுங்கண்ணே. கீழ சின்னதா 30.05.2023னு போடணும்."

கடைக்காரர் அந்த இறுதி ஆட்டம் 29-ஆம் தேதி என்று திருத்தினார். மழையால் 28-லிருந்து தள்ளிப்போய் அகமதாபாத்தில் 29-ஆம் தேதி இரவு தொடங்கியது அது. சென்னைப் பையன் சாய் சுதர்சன் குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்தபோது, நம் ஊர்ப் பிள்ளை என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கைதட்டவில்லை. சீக்கிரம் அவுட்டாக வேண்டும் என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொண்டோம். மீண்டும் மழை, 15 ஓவரில் 171 என்ற இலக்கு, தாம் சந்தித்த முதல் பந்திலேயே தோனி அவுட், கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம், மோஹித் சர்மா பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. அப்போது மணி நள்ளிரவைக் கடந்து ஒன்றரை.

"ஆட்டம் 29தான். ஆனா அவர் அடிச்சது முப்பதாம் தேதி. நான் முழிச்சிருந்து பார்த்தேன், சித்தப்பாவும் இருந்தாங்க" என்றான் பையன். அந்த நாளில் ஜடேஜாவும் மஞ்சளும் ஒன்றாக இருந்தார்கள். எந்த ஏலமும் மாற்றமும் அதைத் தொட முடியாது. அவன் விசுவாசம் அணிக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை, இருவரும் சேர்ந்திருந்த அந்த ஒன்றரை மணிக்கு என்று எனக்குப் பட்டது. தேவகோட்டைக்காரரின் மூன்றாம் எண்ணும், தடைக்காலத்தில் விற்ற ஏழாம் எண்ணும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

சட்டை வியாழக்கிழமை கைக்கு வந்தது. தேதி எழுத்து சிறியதாக இருந்தாலும் மை கசியாமல், புள்ளிகள் உட்படத் தெளிவாக விழுந்திருக்கிறது. அளவு மட்டும் இந்த முறையும் தொளதொளப்புத்தான். இரண்டு ஆண்டுகளுக்குப் போடலாம் என்று அண்ணி வாங்கி வைத்துக்கொண்டார்.